கலர் எடுக்கிற மருமகள்

எனக்கு வேலை கிடைத்தது படிப்பால்தான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். விழுப்புரத்தில் பிறந்து, விழுப்புரத்திலேயே எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்து, முதல் வகுப்பில் தேறியவள் நான். கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஒரு சின்னக் காகித மில்லில், கழிவுத் தண்ணீரைச் சுத்தம் செய்கிற பிளான்ட்டுக்கு கெமிஸ்ட்டாகக் கூப்பிடுகிறார்கள் என்றால் அந்தப் படிப்புக்குத்தானே? இல்லையாம். என் மாமியாரின் வாய்க்கு.

மில்லின் பின்சுவரை ஒட்டித்தான் மாமியாரின் நிலம். கொஞ்சம் மல்லாட்டை என்கிற நிலக்கடலை, கொஞ்சம் தீவனப் புல், நடுவில் கிணறு. மாமனார் காலமான பிறகு நிலத்தையும் மூன்று கறவை மாடுகளையும் அவர்தான் பார்த்துக்கொள்கிறார். மில்லில் பழைய காகிதத்தை ஊறவைத்து அரைத்து, அட்டைப்பெட்டிக்கான பழுப்புக் காகிதம் செய்வார்கள். மிச்சத் தண்ணீர் பின்சுவருக்கு உட்பக்கம் ஒரு மண் குட்டையில் போய் நிற்கும். நின்ற தண்ணீர் நின்ற இடத்திலேயே இருக்குமா? மண்ணுக்குள் ஊறி ஊறி எங்கள் கிணற்றுக்கு வந்து சேர்ந்தது. கிணற்றுத் தண்ணீர் பால் ஊற்றாத டீ மாதிரி ஆனது. மாடுகள் முகர்ந்து பார்த்து, மூக்கைச் சிலுப்பிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டன.

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மில் கேட்டில் உட்கார்ந்துவிட்டார். லாரி உள்ளே போகவும் முடியவில்லை, வெளியே வரவும் முடியவில்லை. முதலாளி ஓடிவந்தார்.

"ஏன் சார், அது எங்க கெணறா, உங்க டீக்கடையா?" என்று கேட்டாராம் மாமியார். கேட்டில் இருந்த வாட்ச்மேன்கூடச் சிரித்துவிட்டாராம்.

முதலாளி லேசுப்பட்டவர் இல்லை. "அம்மா, உங்க மருமவ கெமிஸ்ட்ரி படிச்சிருக்காங்களாமே. அவங்களையே வேலைக்கு எடுத்துக்கறேன். உங்க வூட்டு ஆளே உள்ள இருந்து பாத்துக்கட்டும். அப்புறம் உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்றார்.

நியாயம் கேட்கப் போனவர் வெறுங்கையோடு திரும்பி வந்தார். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த எனக்கு வேலை வந்தது. அன்றிலிருந்து புகார் கொடுத்தவர் வீட்டில் சாப்பாடு, புகாருக்கு ஆளானவர்களிடம் சம்பளம். என் வீட்டுக்காரர் திண்டிவனத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறார். அம்மா பக்கமா, பெண்டாட்டி பக்கமா என்று கேட்டால், "எனக்கு கடைக்கு நேரமாவுது" என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வார். வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிடும்போதே ஒருநாள் அப்படிச் சொல்லி ஹெல்மெட்டைத் தேடியிருக்கிறார்.

நான் வேலைக்குச் சேர்ந்த மறுநாள் காலையில், அடுப்படி ஜன்னலில் ஒரு கண்ணாடி டம்ளர் இருந்தது. அதில் கிணற்றுத் தண்ணீர். காலை வெயில் பட்டுப் பளபளவென்று தேன் மாதிரி இருந்தது, அந்தப் பாழாய்ப்போன தண்ணீர்.  மாமியார் எனக்குக் காப்பியை ஆற்றி அந்த டம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். இரண்டுக்கும் நிறத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. மறுநாளும் அதே டம்ளர். அதற்கு மறுநாளும். கோர்ட்டில்கூட வாய்தா கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் தினசரி விசாரணை.

ஒருநாள் வாயைத் திறந்து தெளிவாகப் பேசிவிட்டார். "மாட்டுக்குத் தண்ணி தெருக்கொழாயிலேர்ந்து தூக்கறேன். எத்தினி குடம்னு உனக்குத் தெரியுமா? இடுப்பு உட்டுப்போச்சு. வர்ற பொங்கலுக்குள்ள கெணறு தெளிஞ்சா மாடு இருக்கும். இல்லன்னா மூணையும் சந்தைக்கு ஓட்டி உட்டுருவேன். சும்மா சொல்லல."

சும்மா சொல்கிறவர் இல்லை அவர். மாடுகளைத் தடவிக் கொடுக்கிற அந்தக் கை எங்கள் யார் தலையையும் தடவியதில்லை. அந்த மாடுகள் போய்விட்டால் அவர் என்ன ஆவார்? அதோடு, பொங்கலன்று பானையில் ஊற்றுகிற முதல் தண்ணீர் அந்தக் கிணற்றுத் தண்ணீராகத்தான் இருக்கும், அவர் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து. கிணறு கெட்ட பிறகு கேன் தண்ணீரில் பொங்கல் வைத்தார். மூடியைப் பிரித்து ஊற்றும்போது, எவனையோ திட்டுவது மாதிரி முணுமுணுத்தார். எவனை என்று எனக்குத் தெரியும்.

இப்படியொரு பாரத்தோடு போகிறவள் கொஞ்சம் அடக்கமாகப் போகலாம் அல்லவா? முதல் நாள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு போனேன். திண்டிவனத்தில் தைத்தது, பையில் இரண்டு பேனா வேறு. குட்டை ஓரமாகக் காகிதக் கூழ் மேலாகக் காய்ந்து கிடந்தது. மேலே பார்த்தால் தரை மாதிரி இருந்தது. நான் அதை ஆய்வு செய்யும் தோரணையில் ஒரு கால் வைத்தேன். முழங்கால் வரை உள்ளே போனேன். பிளான்ட் ஆபரேட்டர் அண்ணன் ஓடிவந்து என்னைத்தான் இழுத்தார், செருப்பை இழுக்க முடியவில்லை. அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்த வெள்ளைக் கோட்டு இப்போது எங்கள் வீட்டில் கரித்துணி.

வேலை என்னவென்றால், தண்ணீரிலிருந்து கலரை எடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். கலர் ஒரே கலராக இருந்தால் நானும் முதல் வகுப்புக்குத் தக்கபடி நடந்துகொண்டிருப்பேன். மில்லுக்கு வருகிற பழைய காகிதம் மாதத்துக்கு ஒரு சங்கதி. முகூர்த்த மாதம் முடிந்தால் கல்யாணப் பத்திரிகைக் கழிவு வரும், தண்ணீர் மஞ்சள். தீபாவளி முடிந்தால் பட்டாசுப் பெட்டி, செக்கச் செவேல். தேர்தல் முடிந்தால் சுவரொட்டிகள். எந்தக் கட்சிக்காரர்கள் அதிகம் ஒட்டினார்களோ அந்தக் கலர். ஒருமுறை தண்ணீர் அசல் ரோஸ் மில்க்காக ஓடியது. லாரி டிரைவர் ஒருவர் அதன் பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொண்டு போனார்.

படிகாரத்தையும் சுண்ணாம்பையும் அளவாகப் போட்டால் கலர் திரண்டு, பால் திரிந்தது மாதிரி கட்டி கட்டியாக அடியில் படியும். அளவு எவ்வளவு என்று கண்டுபிடிக்க, கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துப் போட்டுக் கலக்கிப் பார்க்க வேண்டும். நான் அளவைக் கண்டுபிடித்து முடிக்கும்போது மில்லில் வேறு லோடு காகிதம் இறங்கியிருக்கும். பத்திரிகைக்குக் கண்டுபிடித்த மருந்தை பட்டாசுக்குப் போட்டுக்கொண்டு நின்ற நாட்கள் பல.

"இதுக்கா எம்மெஸ்சி? தேத்தாங்கொட்டைய ஒரசி உட்டா போச்சு" என்றார் மாமியார். சொன்னதோடு நிற்காமல், எங்கிருந்தோ தேத்தாங்கொட்டை வாங்கிவந்து, உரைத்து, ஜன்னல் டம்ளரில் கலக்கியும் வைத்தார். மண் கலங்கல் என்றால் தெளிந்திருக்கும், இது சாயம். மறுநாள் காலையில் டம்ளர் அப்படியே இருந்தது. எனக்கு அப்படியொரு சந்தோஷம். எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் தெளியவில்லை என்பதற்காக, கையைத் தட்டாத குறையாகக் குதித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

படிகாரம் பாதி வேலைதான் செய்யும். மீதியை உயிருள்ள பூச்சிகள் செய்கின்றன. பெரிய தொட்டியில் காற்றை ஊதி ஊதி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களை வளர்ப்போம். தண்ணீரில் கரைந்திருக்கிற மாவுப் பொருளையும் அழுக்கையும் அவைதான் தின்று தீர்க்கும். தொட்டியைத் தொடங்கும்போது மாட்டுச் சாணத்தைக் கரைத்து ஊற்றுவது எங்கள் தொழிலில் ஊரறிந்த வழக்கம். சாணத்தில் அந்தப் பூச்சிகள் கோடி கோடியாக இருக்கும். எங்கள் வீட்டிலேயே மூன்று மாடு இருக்க, நான் விக்கிரவாண்டிப் பக்கம் ஒரு பால்பண்ணையிலிருந்து டிராக்டரில் வரவழைத்தேன். மாமியாரிடம் போய்ச் சாணி கேட்பதா? கெமிஸ்ட் ஆயிற்றே நான்.

பூச்சிகளுக்குத் தீனியாக வெல்லமும் யூரியாவும் போட்டேன். அது எப்படியோ வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. "உம் பூச்சிக்கு வெல்லம். எம் மாட்டுக்குத் தவிடு வாங்க நாதியில்ல. நடக்கட்டும்" என்றார் மாமியார்.

ஆனால் வேலை நடந்தது. அதைச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. மாதங்கள் போகப் போகத் தொட்டி நன்றாகப் பிடித்துக்கொண்டது. வெளியே போகிற தண்ணீரின் கலர் குறைந்தது. ஜன்னல் டம்ளரும் டீயிலிருந்து பனங்கற்கண்டுத் தண்ணீருக்கும், அதிலிருந்து கேப்பைக் கூழின் மேல்தண்ணீர் நிறத்துக்கும் வந்தது. காலையில் மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பேன். சின்னச் சின்னதாக எத்தனையோ உயிர்கள் குடுகுடுவென்று ஓடிக்கொண்டிருக்கும். அவற்றிடம், "சாப்பிட்டீங்களா?" என்று கேட்கிற அளவுக்கு முற்றிவிட்டது எனக்கு.

இங்கே என் சுத்தத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எனக்கு அழுக்கு ஆகாது. கல்யாணமாகி வந்த புதிதில், நல்ல பேர் வாங்குகிற ஆசையில், மாட்டுக் கொட்டகையை ஒரு பாட்டில் பினாயில் ஊற்றிக் கழுவிவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் மாடுகள் பால் சுரக்கவில்லை. உதைத்தன, கத்தின. "வூட்டுக்கு மருமவ வருவான்னு பாத்தா ஆஸ்பத்திரி வந்திருக்குது" என்றார் மாமியார். அந்தச் செவலை மாடு இன்றைக்கு வரை என்னைப் பார்த்தால் இரண்டடி பின்னால் போகும். பட்டும் திருந்தாத ஜென்மம் என்று எங்களூரில் சொல்வார்கள், அது நான்தான்.

ஆயுத பூஜை வந்தது. மில்லில் அது பெரிய விழா. மெஷின்களையெல்லாம் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மோட்டாருக்கெல்லாம் வாழைக்கன்று கட்டுவார்கள். எந்த செக்ஷன் பளிச்சென்று இருக்கிறது என்று எல்லோருக்குள்ளும் ஒரு போட்டி. பாய்லர்காரர்கள் போன வருஷம் பெயின்ட்டே அடித்திருந்தார்கள். எங்கள் பிளான்ட்டோ மில்லின் கொல்லைப்புறம். அங்கே யாரும் மூக்கைத் திறந்துகொண்டு வருவதில்லை. இந்த வருஷம் காட்டுகிறேன் பார் என்று வீறாப்பு வந்துவிட்டது எனக்கு.

திண்டிவனம் போய் ஒரு மூட்டை பிளீச்சிங் பவுடரும் பெரிய கேன்களில் பினாயிலும் வாங்கிவந்தேன். தொட்டிக்கு மேலே குறுக்காக ஒரு நடைபாதை உண்டு. அதில் பாசியும் வழுவழுப்புமாகக் கிடக்கும். தொட்டியின் சுவர், நடைபாதை, பைப்பு ஒன்று விடாமல் தேய்க்கச் சொன்னேன்.

"மேடம், எலுமிச்ச வாசன ஊத்தட்டுமா, மல்லி வாசன ஊத்தட்டுமா?" என்று கேட்டார் ஆபரேட்டர் அண்ணன்.

"ரெண்டும் ஊத்துங்க அண்ணே. பூஜைக்கு எதுக்குக் கஞ்சத்தனம்?"

தேய்த்தோம். நானே துடைப்பத்தை வாங்கித் தேய்த்தேன். பிறகு ஓஸ் பைப்பைப் பிடித்து அடித்துக் கழுவினோம். கழுவின தண்ணீர் எங்கே போகும்? நடைபாதைக்குக் கீழே என்ன இருக்கிறது? மாதக்கணக்காக வெல்லம் போட்டு வளர்த்த என் செல்லங்கள் இருக்கின்றன. கிருமியைக் கொல்லும் என்று பாட்டிலின் மேலேயே எழுதியிருக்கிறது. கெமிஸ்ட்ரி படிக்காதவர்கள்கூடப் படிக்கலாம், தமிழில்தான் எழுதியிருக்கிறது.

அன்றைக்கு எங்கள் பிளான்ட்டுக்குத்தான் முதல் பாராட்டு. முதலாளி வந்து ஆழமாக மூச்சிழுத்து, "இன்னா மேடம், கோயில் மாதிரி கீது!" என்றார். பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு, நிமிர்ந்த தலையோடு வீட்டுக்குப் போனேன். அடுத்து விடுமுறை.

விடுமுறை முடிந்து வந்தால் கேட்டிலேயே அழுகின முட்டை நாற்றம். தொட்டி முழுக்க நுரை. பழுப்பு நுரை ஆளுயரத்துக்கு எழும்பி, காற்றில் பிய்ந்து பிய்ந்து பின்சுவரைத் தாண்டிப் பறந்துகொண்டிருந்தது. வெளியே ஓடுகிற தண்ணீர் மறுபடியும் பால் ஊற்றாத டீ. மைக்ரோஸ்கோப்பில் ஒரு சொட்டு வைத்தேன். ஒன்றும் அசையவில்லை. வேறொரு சொட்டு வைத்தேன். கல்யாணம் முடிந்த மண்டபம் மாதிரி இருந்தது. அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். 

"இன்னா ஆச்சு மேடம்?" என்று முதலாளி வந்து நின்றார்.

"ஷாக் லோடு சார்" என்றேன். எங்கள் தொழிலில் காரணம் சொல்ல முடியாத எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர்தான். திடீரென்று ஏதோ வந்து தாக்கிவிட்டது என்று அர்த்தம்.

"யாரு ஷாக்கு குடுத்தது?"

ஆபரேட்டர் அண்ணன் வானத்தைப் பார்த்தார். அவர் மேல் இன்னும் எலுமிச்சை வாசனை வந்துகொண்டிருந்தது. முதலாளி அவரையும் பார்த்து, என்னையும் பார்த்து, மூக்கை உறிஞ்சி, தலையில் அடித்துக்கொண்டு போனார். தொட்டி பிழைக்கிற வரைக்கும் மெஷின் நிற்கட்டும் என்று உத்தரவு. விக்கிரவாண்டிப் பால்பண்ணைக்குப் போன் போட்டால், டிராக்டர் டிரைவர் ஊருக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று தெரியாது என்றார்கள். தொட்டியையோ ஜல்தியாக உயிர்ப்பிக்க வேண்டிய நிலை. சாணம் வேண்டும், அதுவும் பச்சைச் சாணம்.

வேறு வழியில்லாமல் வீட்டுக்கு நடந்தேன். வழியெல்லாம் பேச்சை ஒத்திகை பார்த்தேன். ஆக்சிஜன், உயிர்ச்சுழற்சி என்றெல்லாம் பெரிய வார்த்தைகளாகத் தயார் செய்துகொண்டேன். வீட்டு வாசலில் திரும்பினால் மாட்டுத் தரகர். தோளில் துண்டோடு, செவலையின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் மாமியார் கம்பம் மாதிரி நின்றுகொண்டிருந்தார். தீவனப் புல் மேல் வந்து விழுந்த நுரையைக் காலையிலேயே பார்த்துவிட்டாராம். பொங்கல் வரைக்கும் காத்திருக்க என்ன இருக்கிறது என்று ஆளனுப்பிவிட்டார்.

அவர் கண் சிவந்திருந்தது. நான் அதுவரை அவர் அழுது பார்த்ததில்லை. ஒத்திகை பார்த்ததெல்லாம் ஓடிப்போய்விட்டது.

"அத்தை, கொஞ்சம் சாணி வேணும்" என்றேன்.

"இன்னாது?"

"தொட்டில பூச்சியெல்லாம் செத்துப்போச்சு அத்தை. சாணி கரைச்சு ஊத்தினாத்தான் திரும்ப வளரும்."

"வெல்லம் போட்டு வளத்தியே, எப்டி செத்துச்சு?"

 மாமியார் ஒரு அடி கிட்டே வந்தார். என் முந்தானையைப் பிடித்து முகர்ந்தார். அப்புறம் என் முகத்தைப் பார்த்தார்.

"அடிப்பாவி! பினாயிலா?"

"ஆயுத பூஜைக்கு…" என்று இழுத்தேன்.

முதலில் அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு சத்தம் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாட்டின் மேல் சாய்ந்துகொண்டு, கண்ணில் நீர் வர வரச் சிரித்தார். "அங்கியும் ஊத்தினியாடி? அங்கியும் ஊத்தினியா?" தரகர் ஒன்றும் புரியாமல், மாட்டு வாயிலிருந்து கையை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். எனக்கு அவமானமாகத்தான் இருந்தது, ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

சிரித்து முடித்ததும் மாமியார் தரகர் பக்கம் திரும்பினார். "அண்ணே, நீங்க போங்க. மாட்ட இப்ப குடுக்கறதா இல்ல."

"ஏம்மா, காலைலதான் வரச் சொன்ன?"

"சொன்னேன். இப்ப இவளுக்கு சாணி வேணுமாம். மாட்ட உங்ககிட்ட குடுத்துட்டு, சாணிக்கு நான் எங்க போவேன்?"

தரகர் போனதும் என் பக்கம் விரலை நீட்டினார். "ஆனா கேட்டுக்க. பொங்கலுக்குள்ள கெணறு தெளியல, மூணு மாட்டையும் நீதான் சந்தைக்கு ஓட்டிக்கினு போவணும். கயித்த உங்கையிலதான் குடுப்பேன்." சிரித்த முகம் அதற்குள் மாறியிருந்தது. 

மூன்று மாட்டுச் சாணம் அந்தத் தொட்டிக்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆனால் மாமியார் இறங்கிவிட்டால் மூன்றோடு நிற்குமா? தெருவில் வீடு வீடாகப் போனார். "சாணி குடுங்கடி. எம் மருமவ பினாயில ஊத்தி மில்ல ஒழிச்சுட்டா" என்று ஒவ்வொரு வாசலிலும் கதையைச் சொல்லியே வாங்கினார். சாயங்காலத்துக்குள் மினி டெம்போ நிறையச் சாணம். ஊர் நிறைய என் புகழ். தெருவில் போனால் குழந்தைகள்கூட "பினாயிலு அக்கா" என்றன. கேட்டைத் தாண்டி உள்ளே வராத மாமியார் அன்றைக்குத் தொட்டி வரைக்கும் வந்து, சாணத்தைக் கையால் கரைத்து ஊற்றினார். எலுமிச்சை வாசனை அன்றோடு ஒழிந்தது.

மறுநாள் நான் முதலாளியிடம் போனேன். தொட்டி பிழைத்தாலும் மண் குட்டை ஊறுகிற வரைக்கும் கிணறு முழுசாகத் தெளியாது. குட்டைக்கு அடியில் கனத்த பிளாஸ்டிக் ஷீட் விரிக்க வேண்டும் என்று சேர்ந்த நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். "பாக்கலாம் மேடம்" என்பதே பதில். இந்த முறை வேறு மாதிரிக் கேட்டேன்.

"சார், இது கெமிஸ்ட் கேக்கல. பின்னாடி வூட்டு மருமவ கேக்கறேன். ஷீட் போடலன்னா எங்க அத்தையோட சேந்து நானும் கேட்டுல வந்து உக்காந்துருவேன். வேலைக்கு லீவு போட்டுட்டுத்தான் உக்காருவேன், அது பத்தி கவலப்படாதீங்க."

மெஷின் நின்றிருந்த நேரம், குட்டையும் வற்றியிருந்தது. ஷீட் வந்துவிட்டது. எத்தனை ஜாடிகளைக் கலக்கியும் நடக்காத காரியம், மாமியார் பேரைச் சொன்னதும் நடந்தது. என் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

தொட்டி மெல்லப் பிழைத்தது. ஒருநாள் காலையில் மைக்ரோஸ்கோப்பில் ஒரே ஒரு பூச்சி, தள்ளாடித் தள்ளாடி ஓரமாக ஓடியது. ஆபரேட்டர் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். "உங்க தெரு சாணிதான் மேடம், நடையப் பாருங்க" என்றார். ஐப்பசி பிறந்து மழையும் பிடித்துக்கொண்டது. மோட்டார் போட்டுக் கிணற்றை இறைத்து இறைத்து விட்டோம்; மழை நிரப்ப நிரப்ப மறுபடியும் இறைத்தோம். நான் தினமும் அடுப்படிக்குள் நுழையும்போது ஜன்னலைப் பார்க்காமல் நுழைவேன். காப்பியைக் கையில் எடுத்த பிறகுதான் பார்ப்பேன். பரீட்சை ரிசல்ட்டுக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

கார்த்திகை முடியும்போது டம்ளரில் லேசாக ஒரு மஞ்சள் ஓடியது. "மழ பெஞ்சுது, தெளியுது. நீ இன்னாத்த கிழிச்ச?" என்றார் மாமியார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஷீட்டு, சாணம், படிகாரம் என்று பொரிந்து தள்ளினேன். "ஆமா, பினாயில உட்டுட்டியே" என்றார்.

மார்கழியில் ஒரு காலை. மாமியார் கிணற்றிலிருந்து ஒரு வாளி இறைத்து, செவலையின் முன்னால் வைத்தார். நான் கொட்டகைக்கு வெளியே, மாடு என்னைப் பார்த்துவிடாதபடி சுவரோரம் நின்றேன். செவலை முகர்ந்தது. தலையைத் தூக்கியது.  மறுபடி குனிந்து, உறிஞ்சி உறிஞ்சி, வாளி தடதடக்கக் குடித்து முடித்தது.  மாமியார் அடுத்த வாளிக்குக் கயிற்றை விட்டார். மறுநாள் காலையில் ஜன்னலில் டம்ளர் இல்லை. அதில் மோர் ஊற்றி வீட்டுக்காரருக்குக் கொடுத்திருந்தார்.

பாண்டிச்சேரி லேபுக்கு அனுப்பிய தண்ணீரும் குடிக்கலாம் என்றே வந்தது. அதை மாமியாரிடம் சொன்னேன். "செவல சொன்னதுக்கப்புறம் லேபு இன்னாடி?" என்றார்.

பொங்கலன்று விடிந்ததும் எழுந்து குளித்து, கண்ணுக்கு மையிட்டு வந்தேன். வாசலில் கோலம், அடுப்பு, மஞ்சள் கட்டின புதுப்பானை எல்லாம் தயார். கேனை மட்டும் காணோம்.

"கேன் போட ஆள் வரலையா அத்தை?"

"எதுக்கு?" என்றார். கயிற்றையும் குடத்தையும் என் கையில் கொடுத்தார். மாட்டுக் கயிறு இல்லை, கிணற்றுக் கயிறு.

"நானா அத்தை?"

"பின்ன, உம் பூச்சியா வந்து இறைக்கும்? போ."

நான் கிணற்றில் குடத்தை இறக்கினேன். கயிறு கையை அறுத்தது. எவ்வளவு நாள் அவர் இதே கயிற்றை இழுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே இழுத்தேன். குடம் மேலே வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தால் பித்தளையின் அடி வரைக்கும் தெரிந்தது. என்னையறியாமல் இடுப்பில் செருகியிருந்த சாம்பிள் பாட்டிலை எடுத்து மூடியைத் திறந்துவிட்டேன். அத்தனை நாள் பழக்கம்.

"அந்தக் கருமத்த தூக்கி எறி. பானைல ஊத்துடி!" என்று அடுப்பிலிருந்து சத்தம் வந்தது.

கொண்டுபோய்ப் பானையில் ஊற்றினேன். மாமியார் குனிந்து தண்ணீரைப் பார்த்தார். கையை விட்டு அளைந்து பார்த்தார். அப்புறம் ஈரக்கையோடு என் தலையில் ஒரு தடவை வைத்து எடுத்தார். மாட்டைத் தடவுகிற அதே கை. எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்றெல்லாம் சொல்லப் போவதில்லை. அழுதேன், நன்றாகவே அழுதேன், பானைக்கு நேர் மேலே நின்றுகொண்டு.

மாமியார் என் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளினார்.

"அந்தாண்ட போய் அழுவுடி. கண்ணு மை பானைல சொட்டிக்கினு கலரு மாறிடப் போவுது. மறுபடியும் யாரு எடுக்கறது?"